கலிஃபோர்னியா மாநிலம் கூப்பர்டினோவில் வீடு வாங்கியிருக்கும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய கடை வளாகம் ஒன்றை இடித்துவிட்டு அடுக்குமாடி வீடுகள் கட்டும் திட்டத்தை எதிர்த்து ஒரு மனு நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அந்த வீடுகளில் ஒரு பகுதி குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு ஒதுக்கப்படும் என்பதால்தான் எதிர்ப்பு இவ்வளவு சூடாக இருக்கிறது. கையெழுத்திட்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். நிறையத் தமிழ்ப் பெயர்கள். பொங்கல் விழாவில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள், தமிழ்ப் பள்ளியில் என் மகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவர்கள், எங்கள் வீட்டில் எல்லோரும் காய்ச்சலில் படுத்தபோது ரசம் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தவர்கள். அதனால் இந்த மடலை நகர மன்றத்துக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். நகர மன்றத்தில் உங்கள் பேச்சு எடுபடும். உங்களில் பலருக்கு ஓட்டு இருக்கிறது, எல்லோருக்கும் வீடு இருக்கிறது. எனக்கு இரண்டும் இல்லை.

நான் இங்கே வாடகைக்கு இருப்பவள். கணவர் ஹெச்1பி விசாவில் வேலை பார்க்கிறார். கிரீன் கார்டு வரிசையில் இன்னும் எத்தனை வருஷம் நிற்க வேண்டியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. உங்களில் பலர் அதே வரிசையில் நின்று வந்தவர்கள், சிலர் இன்னும் நிற்கிறீர்கள். நான் ஒரு தொடக்கப் பள்ளியில் வகுப்பு உதவியாளர். உங்கள் பிள்ளைகளில் சிலருக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டிருக்கிறேன், மூக்கு துடைத்துவிட்டிருக்கிறேன். இந்த ஊர் எனக்கும் ஊர்தான் என்ற உரிமையில் பேசுகிறேன்.

மனுவில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: போக்குவரத்து நெரிசல் கூடும், பள்ளிகள் தாங்காது, உயரமான கட்டடம் பக்கத்து வீடுகளின் வெளிச்சத்தை மறைக்கும், பாதுகாப்பு குறையும், ஊரின் தன்மை மாறிவிடும். எல்லாம் நாகரிகமான வார்த்தைகள். ஆனால் மனுவோடு சேர்ந்து வந்த குரல் செய்தியில் ஓர் அண்ணன் பேசியதையும் கேட்டேன். "கஷ்டப்பட்டு சம்பாதிச்சு வாங்கின வீடு இது. அந்த மாதிரி ஆளுங்களைக் கொண்டுவந்து பக்கத்துல குடி வெச்சா நம்ம பிள்ளைங்க கதி என்ன?" என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. பலர் கைதட்டும் படங்களைப் போட்டிருந்தார்கள்.

பள்ளியிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் நான் தினமும் நிற்கும் இடம். பள்ளிகள் நிரம்பி வழியும் என்ற பயம் இந்த ஊரில் பல வருஷங்களாக இருக்கிறது. நடந்தது என்ன? நம் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில் ஒரு காலத்தில் 19,000 பிள்ளைகள் படித்தார்கள். எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் சரிந்து, 2022-இல் ரெக்னார்ட், மேயர்ஹோல்ஸ் என்ற இரண்டு தொடக்கப் பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று. பள்ளியை மூட வேண்டாம் என்று அப்போது அட்டை பிடித்து நின்றவர்களிலும் நம்மவர்கள் இருந்தார்கள். சின்னக் குழந்தைகளை வைத்திருக்கும் குடும்பங்களால் இங்கே குடியிருக்க முடியாமல் போனது அந்தச் சரிவுக்கு ஒரு முக்கியக் காரணம். 1960-களில் கட்டிய சாதாரண மூன்று படுக்கையறை வீடு இன்று 30 லட்சம் டாலருக்குக் கேட்கப்படுகிறது. பிள்ளைகளை வளர்த்துக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டவர்கள் வீட்டை விற்பதில்லை. விற்க அவர்களுக்குக் காரணமும் இல்லை. 1978-இல் கலிஃபோர்னியா வாக்கெடுப்பில் நிறைவேறிய 13-ஆம் பிரேரணையின்படி, வாங்கிய விலையை வைத்துத்தான் சொத்து வரி; அதற்குப் பிறகு வரிக்கான மதிப்பு வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. முந்தி வந்தவருக்கு அது பெரிய பாதுகாப்பு. பிந்தி வருபவருக்கு வீடே சந்தைக்கு வராது. என் வகுப்பில் வருஷத்தின் நடுவில் காணாமல் போகும் பிள்ளைகள் எல்லோரும் வாடகை வீட்டுப் பிள்ளைகள். லீஸ் முடிந்தது, வாடகை ஏறியது, வெகுதூரத்தில் இருக்கும் டிரேசிக்கோ மௌண்டன் ஹவுஸுக்கோ போய்விட்டார்கள். அவர்களிலும் தமிழ்ப் பிள்ளைகள் உண்டு.

அடுத்தது "அந்த மாதிரி ஆளுங்க" யார் என்பது. நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் வருமானம் இருந்தாலும், நம் ஊர் இருக்கும் சாண்டா கிளாரா கவுண்டியில் (மாவட்டத்தில்) அரசுக் கணக்குப்படி அது குறைந்த வருமானம்தான். அந்த வரையறைக்குள் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர் வருகிறார், ஆஸ்பத்திரி உதவியாளர் வருகிறார், நீங்கள் வேலை பார்க்கும் அலுவலகத்தின் சாப்பாட்டுக்கூடத்தில் தட்டு எடுப்பவர் வருகிறார், ஊரிலிருந்து வந்து உங்களோடு தங்கியிருக்கும் பெரியவர்களுக்குத் துணையாக வரும் பெண் வருகிறார். நான் வருகிறேன். கணவருக்கு வேலை போன வருஷம் நாங்கள் முழுக்க முழுக்க அந்தப் பட்டியலில்தான் இருந்தோம். விசாக் காலக்கெடு ஒரு பக்கம், வாடகை ஒரு பக்கம் என்று தூங்காத அந்த நாட்களில் எங்களைப் பார்த்து யாரும் ஆபத்தானவர்கள் என்று நினைக்கவில்லை. ஏன் நினைக்கவில்லை என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கள் பள்ளிச் சாப்பாட்டு அறையில் வேலை பார்க்கும் ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பம். அவர் பக்கத்தில் சன்னிவேலில் பிறந்து வளர்ந்தவர், இங்கே நாம் யாரும் வருவதற்கு முன்பிருந்தே இருப்பவர். அவருடைய அப்பா இந்தப் பள்ளத்தாக்கின் பழத்தோட்டங்களில் ஆப்ரிகாட் பறித்தவர். வாடகை ஏற ஏற அந்த அம்மா முதலில் கில்ராய்க்குப் போனார், அப்புறம் ஹாலிஸ்டர், இப்போது லாஸ் பேனோஸ். விடிவதற்கு வெகுநேரம் முன்னால் எழுந்து, பச்சேக்கோ கணவாய் வழியாக இருட்டில் வண்டி ஓட்டி வந்து, உங்கள் பிள்ளைகளுக்குக் காலை உணவு எடுத்து வைக்கிறார். எந்தக் குழந்தைக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது, எது சைவம், எது வீட்டில் சாப்பிடாமல் வந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அவருடைய சொந்த மகனின் பள்ளியில் நடக்கும் எந்த நிகழ்ச்சிக்கும் அவரால் போக முடிந்ததில்லை. மனுவில் நெரிசலைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். இவரைப் போன்றவர்கள் தினமும் மணிக்கணக்கில் வண்டி ஓட்டிக்கொண்டு வருவதால்தான் 280, 85 நெடுஞ்சாலைகள் காலையில் அசையாமல் நிற்கின்றன. இவர் ஊருக்குள்ளேயே இருந்தால் வேலைக்கு நடந்து வருவார்.

இன்னொன்றை எழுத எனக்குக் கை கூசுகிறது. எங்கள் பள்ளிக்கு ஒரு மாற்று ஆசிரியர் வந்தார். கறுப்பினத்தவர். மாலையில் பிள்ளைகளை அனுப்பும் நேரத்தில் வாசலில் நின்றிருந்தார், கழுத்தில் அடையாள அட்டையும் இருந்தது. நம்மவர் ஒருவர் காருக்குள் இருந்தபடியே அவரைப் படம் எடுத்து, பெற்றோர் குழுவில் "யார் இந்த ஆள், ஸ்கூல் வாசல்ல என்ன பண்றான்?" என்று போட்டார். நான் உடனே பதில் எழுதினேன். படம் நீக்கப்பட்டது, மன்னிப்பு எதுவும் வரவில்லை. அந்த ஆசிரியருக்கு அது தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது, ஆனால் அவர் திரும்ப வரவில்லை. 2020 கணக்கெடுப்பின்படி நம் ஊரில் 60,381 பேர். அதில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. லத்தீனோ மக்கள் கவுண்டி முழுக்க எடுத்தால் நான்கில் ஒருவர். நம் ஊரில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர். ஆசியர்கள் ஏறத்தாழ எழுபது சதவீதம். இவ்வளவு பேர் நிறைந்த ஊரில் ஒரு கறுப்பின ஆசிரியர் பள்ளி வாசலில் நிற்பது படம் எடுக்கும் அளவுக்கு நமக்கு விநோதமாகத் தெரிகிறது என்றால், அது தானாக வந்த நிலை என்று எப்படிச் சொல்வது?

அது தானாக வரவில்லை. இந்த மண்ணின் கதையை நம்மில் பலர் கேட்டதே இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் கவுண்டியின் பழைய சொத்துப் பத்திரங்களின் 52 லட்சம் பக்கங்களைக் கவுண்டி அலுவலகமும் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்களும் கணினி வைத்துப் படிக்கவைத்தார்கள். முடிவு 2024-இல் வெளிவந்தது. வெள்ளையரல்லாதவர் இந்தச் சொத்தை வாங்கவோ குடியிருக்கவோ கூடாது என்ற வகையிலான நிபந்தனைகள் சுமார் 7,500 இடங்களில் கிடைத்தன. இப்படிப்பட்ட பத்திரங்கள் பலவற்றில் வீட்டு வேலைக்காரருக்கு மட்டும் விலக்கு இருக்கும், அதாவது வேலை செய்யலாம், வாழக் கூடாது. 1950 வாக்கில் இந்தக் கவுண்டியின் சொத்துகளில் நான்கில் ஒன்று இந்தத் தடைக்குள் இருந்திருக்கும் என்று அவர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். இத்தகைய நிபந்தனையை நீதிமன்றம் மூலம் அமல்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1948-இலேயே சொல்லிவிட்டது. 1968-இல் சட்டம் முழுசாகத் தடை செய்தது. ஆனால் ஊர்கள் உருவான காலம் அதற்கு முந்தியது. கூப்பர்டினோ நகரமாகப் பதிவானது 1955-இல்.

அதே 1955-இல் ஃபோர்டு கார் ஆலை, வடக்கே தொலைவில் இருக்கும் ரிச்மண்டிலிருந்து நம் பக்கத்து மில்பிடாஸுக்கு மாறியது. சனிக்கிழமைகளில் நாம் துணி வாங்கப் போகும் கிரேட் மால், அந்த ஆலைக் கட்டடம்தான். ரிச்மண்டில் வேலை பார்த்த கறுப்பினத் தொழிலாளர்களுக்கு இந்தப் பக்கம் எங்கும் வீடு கொடுக்க ஆளில்லை. தொழிற்சங்கம் எல்லா இனத்தவரும் சேர்ந்து வாழும் குடியிருப்பு ஒன்றைக் கட்ட முன்வந்தது. அதைத் தடுக்கப் பார்த்தவர்கள் இனத்தைக் காரணமாகக் காட்டவில்லை. ஓரிடத்தில் அந்த நிலம் இனிமேல் தொழிற்சாலைக்கு மட்டும் என்று மாற்றினார்கள். இன்னோரிடத்தில் கழிவுநீர் இணைப்புக் கட்டணத்தைப் பல மடங்கு ஏற்றினார்கள். சங்கம் விடாமல் போராடி சன்னிஹில்ஸ் குடியிருப்பைக் கட்டியது. அந்தச் சங்கத்தைச் சேர்ந்த பென் கிராஸ் என்ற கறுப்பினத் தொழிலாளி 1966-இல் மில்பிடாஸின் மேயர் ஆனார். ஆனால் வீடு கிடைக்காத மற்ற தொழிலாளர்கள் வருஷக்கணக்கில் ரிச்மண்டிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார்கள். லாஸ் பேனோஸிலிருந்து வரும் அந்த அம்மாவை நான் தினமும் பார்ப்பதால் இது எனக்குப் பழைய கதையாகத் தெரியவில்லை. நெரிசல், பள்ளி, வெளிச்சம் என்று மனுவில் படிக்கும்போது சன்னிஹில்ஸ்தான் நினைவுக்கு வருகிறது.

மாநிலச் சட்டமும் இதற்குத் துணை போனது. 1950-இல் கலிஃபோர்னியா அரசியலமைப்பில் 34-ஆம் பிரிவு சேர்ந்தது: அரசு செலவில் ஏழைகளுக்கு வீடு கட்ட வேண்டுமென்றால் அந்த ஊர் மக்களிடம் முதலில் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். பங்களா கட்ட வாக்கெடுப்பு வேண்டாம், ஏழைக்கு வீடு கட்ட வேண்டும். சான் ஹோசேயைச் சேர்ந்த ஏழைக் குடும்பங்கள் இது அநியாயம் என்று உச்ச நீதிமன்றம் வரை போய் 1971-இல் தோற்றார்கள். இடையில், இனம் பார்த்து வீடு மறுப்பதைத் தடை செய்யும் சட்டத்தை 1963-இல் பைரன் ரம்ஃபோர்டு என்ற கறுப்பின உறுப்பினர் சட்டமன்றத்தில் நிறைவேற்ற வைத்தார். அடுத்த வருஷமே, என் வீட்டை யாருக்குக் கொடுப்பது என்பது என் உரிமை என்று சொல்லி, மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமான வாக்காளர்கள் அதை ரத்து செய்ய ஓட்டுப் போட்டார்கள். அந்த வாக்கெடுப்பு செல்லாது என்று நீதிமன்றம் பிறகு அறிவித்தது. "கஷ்டப்பட்டு வாங்கின வீடு" என்ற அண்ணனின் குரலில் எனக்கு 1964 கேட்கிறது.

இதெல்லாம் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையிலான பழைய சண்டை, நாம் பின்னால் வந்தவர்கள், நமக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பகத் சிங் திண்ட் என்ற இந்தியரின் வழக்கில் 1923-இல் உச்ச நீதிமன்றம் இந்தியர்கள் வெள்ளையர் அல்ல, ஆகவே குடியுரிமைக்குத் தகுதி இல்லை என்று தீர்ப்பளித்தது. குடியுரிமைக்குத் தகுதியில்லாதவர் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்று கலிஃபோர்னியாவில் 1913-இலிருந்தே சட்டம் இருந்தது. வைஷ்ணோ தாஸ் பகாய், கலா பகாய் என்ற தம்பதி 1915-இல் மூன்று மகன்களோடு வந்து சேர்ந்தவர்கள். கையில் பணம் இருந்தது, வியாபாரம் இருந்தது. பெர்க்லியில் வீடு வாங்கிக் குடிபோன நாளில் அக்கம்பக்கத்தார் அந்த வீட்டைப் பூட்டி வைத்து அவர்களை உள்ளே விடவில்லை. கலா அம்மா தன் பிள்ளைகளைப் பற்றிப் பயந்தார். அந்த ஊரே வேண்டாம் என்று திரும்பிப் போனார்கள். திண்ட் தீர்ப்புக்குப் பிறகு வைஷ்ணோ தாஸின் குடியுரிமையையும் பறித்தார்கள். 1928-இல் அவர் சான் ஹோசேயில், நாம் தோசை சாப்பிடப் போகும் அதே சான் ஹோசேயில், ஓர் அறை எடுத்துத் தங்கி உயிரை மாய்த்துக்கொண்டார். தன்னைச் சூழ்ந்திருக்கும் தடைகளைப் பற்றி எழுதி வைத்துவிட்டுத்தான் போனார். பெர்க்லி நகரம் 2020-இல்தான் ஒரு தெருவுக்கு கலா பகாயின் பெயரை வைக்க முடிவு செய்தது.

அந்தப் பூட்டைப் போட்டவர்களும் தங்கள் பிள்ளைகள், தங்கள் தெரு, தங்கள் வீட்டின் விலை என்றுதான் நினைத்திருப்பார்கள். அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். நல்ல அப்பா அம்மாக்களாகவும் இருந்திருக்கலாம். நமக்கு இந்த நாட்டின் கதவு திறந்தது 1965 குடியேற்றச் சட்டத்தால். கறுப்பின மக்கள் அடி வாங்கி, சிறைக்குப் போய் நடத்திய உரிமைப் போராட்டம் இல்லாமல் அந்தச் சட்டம் அந்த வருஷம் வந்திருக்காது. அவர்கள் பெற்றுக்கொடுத்த உரிமையில் நாம் வீடு வாங்கிவிட்டு, அவர்களில் ஓர் ஆசிரியரைப் பள்ளி வாசலில் சந்தேகப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

தமிழர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. கல்யாணமான புதிதில் சென்னையில் நாங்கள் வீடு தேடி அலைந்தோம். வீட்டுக்காரம்மா காபி கொடுத்தார், வாடகை பேசினார், அட்வான்ஸ் பேசினார். அப்புறம் "நீங்க எந்த ஆளுங்க?" என்று கேட்டார். நாங்கள் பதில் சொன்னோம். சாயங்காலம் தரகர் போன் செய்து, வீடு வேறு ஒருவருக்கு ஏற்கெனவே பேசி முடித்தாயிற்றாம் என்றார். அந்த வீட்டு வாசலில் "வாடகைக்கு" என்ற பலகை அடுத்த மாதமும் தொங்கியது. உங்களில் சிலருக்கு இது நடந்திருக்கும், சிலர் கேள்வி கேட்ட பக்கத்தில் இருந்திருப்பீர்கள். கூவம் கரையிலும் அடையாறு கரையிலும் இருந்த குடும்பங்களை நகரத்துக்கு வெளியே கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய் விட்டபோது, வேலைக்கு வர பஸ் இல்லாமல் எத்தனை பெண்கள் வேலையை இழந்தார்கள் என்பதும் நமக்குத் தெரியும். தெரிந்துகொண்டு கடல் தாண்டி வந்தவர்கள் நாம்.

கூப்பர்டினோவின் கணக்குக்கு வருகிறேன். 2023 முதல் 2031 வரை இந்த ஊர் 4,588 வீடுகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்பது மாநிலத்தின் விதி. அதில் 1,193 மிகக் குறைந்த வருமானத்தாருக்கு, 687 குறைந்த வருமானத்தாருக்கு, 755 நடுத்தர வருமானத்தாருக்கு. அதற்கான திட்டத்தை ஊர் நிர்வாகம் 2023 ஜனவரிக்குள் மாநிலத்திடம் கொடுத்து ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். வழக்கெல்லாம் நடந்து, ஒப்புதல் வந்தது 2024 செப்டம்பரில். அந்த இடைவெளியில், ஊரின் கட்டட விதிகளை மீறியும் விண்ணப்பம் போட பில்டர்களுக்குச் சட்டம் இடம் கொடுத்தது. ஆக, கட்டாதே கட்டாதே என்று தள்ளிப்போட்டதால் ஊரின் பிடி தளர்ந்ததுதான் மிச்சம். பழைய வால்கோ மால் இருந்த நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2018-இல் 2,402 வீடுகளுக்கு அனுமதி, அதில் பாதி குறைந்த வருமானத்தாருக்கு. அதை எதிர்த்துத் தொடுத்த வழக்கு 2020-இல் தோற்றது. அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்காக அங்கே வெறும் மண்தான் கிடந்தது. பிறகு வந்த திருத்தத்தில் அந்தப் பாதி மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. தாமதத்தின் விலையைக் கொடுத்தவர்கள் அந்த வீடுகளுக்குக் காத்திருந்தவர்கள்.

நீங்கள் கஷ்டப்பட்டது எனக்குத் தெரியும். ஊரில் நகையை அடகு வைத்து டிக்கெட் வாங்கியவர்கள், நாலு பேர் ஓர் அறையில் படுத்தவர்கள், விசா பயத்தோடு அப்பாவின் சாவுக்குப் போக முடியாமல் இருந்தவர்கள் உங்களில் இருக்கிறார்கள். அந்தக் கஷ்டத்தை நான் குறைத்துப் பேசவில்லை. லாஸ் பேனோஸிலிருந்து இருட்டில் கிளம்பி வருவதும் கஷ்டம்தான் என்று சொல்கிறேன். குறைந்த வாடகை வீடு வந்தால் நம் வீட்டு விலை விழும் என்ற பயத்துக்கு இந்தப் பள்ளத்தாக்கில் இதுவரை எந்த ஆதாரமும் நான் பார்க்கவில்லை; விலை ஏறிக்கொண்டே போவதைத்தான் பார்க்கிறேன்.

நான் உங்களிடம் கேட்பவை இவை.

மனுவில் இருக்கும் உங்கள் கையெழுத்தைத் திரும்பப் பெறுங்கள். நகர மன்றத்துக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போதும்: என் பெயரை நீக்குங்கள், அந்த இடத்தில் குறைந்த வாடகை வீடுகளை நான் ஆதரிக்கிறேன். நெரிசலைப் பற்றி உண்மையிலேயே கவலை இருந்தால், அந்தக் கட்டடத்துக்குப் பக்கத்தில் பஸ் நிறுத்தம், சைக்கிள் பாதை, பிள்ளைகள் கடக்கப் பாதுகாப்பான சிக்னல் வேண்டும் என்று கேளுங்கள். நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன். ஆனால் வீடுகளின் எண்ணிக்கையைக் குறை என்று கேட்காதீர்கள், அதிலும் குறைந்த வருமானத்தாருக்கு ஒதுக்கிய பங்கில் கை வைக்காதீர்கள்.

வாட்ஸ்அப் குழுக்களை நடத்துபவர்களே, தெருவில் போகிறவர்களின் படத்தை "யார் இது" என்று போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். போடுபவரைக் குழுவிலிருந்து நீக்குங்கள். அந்த ஆசிரியரைப் படம் எடுத்தவர் இதைப் படித்தால், பள்ளி அலுவலகம் மூலம் அவருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் அனுப்புங்கள்.

வீட்டின் பின்புறம் சின்ன வீடு கட்டி வாடகைக்கு விடுபவர்களுக்கு: "இந்தியக் குடும்பத்துக்கு மட்டும்" என்று விளம்பரம் போடுகிறீர்கள். இனம் பார்த்து வீடு மறுப்பதைத் தடுக்கும் 1968 சட்டம் அதைத் தடை செய்கிறது. அரசு வாடகை உதவிச் சீட்டு வைத்திருக்கிறார் என்பதற்காக ஒருவரை மறுப்பதும் 2020 முதல் கலிஃபோர்னியாவில் சட்டவிரோதம். விளம்பரத்தை மாற்றுங்கள், வருபவர் யாராக இருந்தாலும் உட்காரவைத்துப் பேசுங்கள்.

தமிழ் அமைப்புகளில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு: பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மண்டபம் பிடிக்கிற மாதிரி, இந்த வீட்டுப் பிரச்சினைக்கும் ஒரு மாலை மண்டபம் பிடியுங்கள். பள்ளியில் வேலை பார்ப்பவர்கள், துப்புரவுப் பணியாளர்கள், வாடகைக்கு இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் என்று எல்லோரையும் கூப்பிட்டுப் பேச விடுங்கள். கவுன்சிலுக்கு நிற்கிறவர்கள் ஓட்டுக் கேட்டு உங்கள் விழாவுக்கு வருகிறார்கள்; 4,588 வீடுகளில் எத்தனை கட்டி முடிப்பீர்கள், குறைந்த வருமானத்தாருக்கு எத்தனை என்று மேடையிலேயே கேளுங்கள்.

வாடகைக்கு இருக்கும் தமிழர்களுக்கும் ஒன்று. ஓட்டு இல்லை, விசாவில் இருக்கிறோம், எதற்கு வம்பு என்று ஒதுங்கி இருக்காதீர்கள். நகர மன்றத்தில் பேச குடியுரிமை தேவையில்லை. பொதுமக்கள் பேசும் நேரத்தில் யாரும் எழுந்து பேசலாம், தமிழில் பேசி மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்கவும் செய்யலாம். இந்தத் திட்டம் விசாரணைக்கு வரும் நாளில் நான் பேசப் போகிறேன். நீங்களும் வாருங்கள், உங்கள் வாடகை என்ன, எத்தனை முறை வீடு மாறினீர்கள், பிள்ளை எத்தனை பள்ளி மாறியது என்பதை மட்டும் சொன்னால்கூடப் போதும்.

இப்படிக்கு,
கூப்பர்டினோவில் வாடகைக்கு இருக்கும் ஒரு பள்ளி உதவியாளர்